கடைசி காட்டேஜில் யாருக்கும் தூக்கம் வரவில்லை

போன மாதம் என் பழைய ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் ஒரு விடுமுறை விடுதியைக் கட்டுவதற்கு முன்பே கணினித் திரையில் கட்டிமுடித்துவிடுகிறார்கள். அதற்குள் நடந்தும் பார்க்கிறார்கள். மரத்தின் இலைகூட அசைகிறது. ஒரு பெண், "சார், இதை அழுத்தினா ராத்திரி ஆயிடும்" என்று ஒரு பொத்தானைக் காட்டினாள். அழுத்தினாள். திரையில் அந்தி சாய்ந்தது. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. நான் பேச வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், ஏதோ உளறிவிட்டு டீ குடித்து வந்துவிட்டேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோணி. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா. முதல் சில வருஷம் ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் சூபர்வைசராக இருந்தேன். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எவ்வளவு நேராக, எவ்வளவு சீக்கிரமாகப் போகலாம் என்பதுதான் அங்கே ஒரே கேள்வி. எண்பதுகளின் நடுவில் அந்த வேலை நின்றுபோய் நளினி மேடத்திடம் சேர்ந்தேன். பங்களாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் வெளிப்புறத்தை அமைத்துத் தருகிறவர் அவர். வேலையாட்கள் 'கார்டன் மேடம்' என்பார்கள். அது அவருக்குப் பிடிக்காது. "நான் பூச்செடி விக்கலை" என்பார்.

என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருப்பார். சேலையூரிலிருந்து மொபெட்டில் வருவார். காட்டன் புடவை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு ஜோல்னாப் பை. யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் பேசாமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார், அதுதான் பாராட்டு. சேர்ந்த வாரத்தில் ஒரு பாதைக்குக் கயிறு கட்டச் சொன்னார். பழக்கதோஷத்தில் விறைப்பாக, நூல் பிடித்தாற்போல் இழுத்துக் கட்டினேன். வந்து பார்த்தார்.

"அந்தோணி, இதுல ஆம்புலன்ஸ் போகப்போகுதா?"

அவிழ்த்துவிட்டேன். அவரிடம் நான் கற்றது முழுவதையும் சுருக்கினால், அந்தக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தது என்று சொல்லலாம்.

தண்டபாணி என்று ஒரு முதலாளி. லாரிகள் ஓடின, அரிசி மில் ஓடியது. பெருங்களத்தூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி அவருக்கு ஒரு சவுக்குத்தோப்பு இருந்தது. மெட்ராஸ்காரர்கள் சனி, ஞாயிறு வந்து தங்குவதற்கு அங்கே ஒரு ஹாலிடே ரிசார்ட் கட்ட ஆசைப்பட்டார். அந்த வேலை எங்களுக்கு வந்தது. எனக்குச் சொந்த ஊரே பீர்க்கன்கரணை. ஏரியின் அந்தக் கரையில் எங்கள் தெரு. இந்தக் கரையில் என் வேலை. சைக்கிளில் மெயின் ரோடு சுற்றிக்கொண்டு போய்வருவேன்.

அந்த இடத்தை நளினி மேடம் வரைந்த விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் அவர் வரையவே இல்லை. பல நாட்கள் தோப்புக்குள் நடந்தார். பிறகு சுண்ணாம்புத் தூளைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலையாட்களை ஒவ்வொருவராக வாசலிலிருந்து ஏரிவரை நடக்கச் சொன்னார். மணல் சுமக்கிறவர், தண்ணீர்க் குடத்தோடு வருகிற குப்பம்மா அக்கா, ஒரு நாள் முதலாளியின் மாமியார். அவர்கள் கால் எங்கே தானாக வளைகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்து, பின்னாலேயே தூளைத் தூவிக்கொண்டு போவார். அந்த வெள்ளைக் கோடுகள் மேல்தான் நான் முளைக்குச்சி அடித்து லெவல் எடுக்கவேண்டும். சமையலறை எங்கே வரவேண்டும் என்று முடிவுசெய்ய, ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று காலையும் மாலையும் பார்த்தோம். தாளிக்கிற வாசனை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இலேசாக வரவேண்டும், படுக்கிற அறைக்கு வரக்கூடாது என்பார்.

வாசலில் நுழைந்தால் கட்டடம் எதுவும் கண்ணில் படாது. ஒரு பெரிய மகிழமரத்தைச் சுற்றிக்கொண்டு பாதை திரும்பும். அந்தத் திருப்பத்தில் தார் முடிந்து சரளைக்கல் தொடங்கும். சக்கரத்தின் அடியில் சரளை நொறுங்குகிற சத்தம் கேட்டதும் ஓட்டுகிறவன் தானாகவே வேகத்தைக் குறைப்பான். உள்ளே பேசிக்கொண்டு வருகிறவர்களும் பேச்சை நிறுத்துவார்கள். காரை மூங்கில் புதருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். மனோரஞ்சிதக் கொடி படர்ந்த ஒரு தாழ்ந்த பந்தல். உயரமானவர்கள் கொஞ்சம் குனிந்தே ஆகவேண்டும். இருட்டும் மணமுமாக அந்தப் பந்தலைக் கடந்து நிமிர்ந்தால், எதிரே ஏரி முழுவதும் விரிந்து கிடக்கும்.

முதல் விருந்தினர்கள் வந்த அன்று நானும் மேடமும் பந்தலின் ஓரத்தில் நின்றோம்.

"முகத்தைப் பாக்காதீங்க அந்தோணி. தோளைப் பாருங்க."

பார்த்தேன். குனிந்து வெளியே வந்து நிமிர்ந்த அந்த மனிதரின் தோள்கள், யாரோ மூட்டையை இறக்கிவிட்டது போல, அப்படியே கீழே இறங்கின. மேடம் பேசாமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

அந்த வருஷங்களில் அந்த இடத்தில் நேரமே வேறு மாதிரி ஓடியது. தாம்பரத்தில் பஸ் ஏறி இறங்கும் கூட்டமும் ஆரன் சத்தமும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தன என்று யாரும் நம்பமாட்டார்கள். சவுக்கு ஊசிகளில் காற்று போகிற ஓசை, நாரைகள், நீரில் மெதுவாக நகர்கிற மேகம். நான் கணக்குப் பார்க்க உட்கார்ந்து, பென்சிலைப் பிடித்தபடியே எதையும் எழுதாமல் ஒரு பிற்பகலைக் கழித்ததுண்டு.

இப்போது அந்தக் கடைசி காட்டேஜ்.

தோப்பின் முனையில் நிலம் நாக்கு நீட்டியது போல ஏரிக்குள் கொஞ்சம் போகும். மூன்று பக்கமும் தண்ணீர். அங்கே ஒரே ஒரு காட்டேஜ் போட மேடம் ஆசைப்பட்டார். எந்த அறையையும் சுவர் எழும்புவதற்கு முன் படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். கட்டில் வரப்போகிற இடத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போடச் சொல்லி, படுத்துக்கொண்டு, கண்ணில் என்னென்ன படுகிறது என்று சொல்வார். "அந்தக் கம்பம் தெரியுது, மாத்துங்க. அந்தக் கிளை இருக்கட்டும்." இப்படி. கடைசி காட்டேஜுக்கும் ஒரு காலை வேளையில் வந்து படுத்தார். வெகுநேரம் எழவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"இங்க ஒண்ணுமே வேண்டாம் அந்தோணி. செடி வேண்டாம், மரம் வேண்டாம். தரையிலேர்ந்து கூரை வரைக்கும் கண்ணாடி. தண்ணி மட்டும் போதும்."

அப்படியே கட்டினோம். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கண்ணாடியை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. முதலாளி அதற்கு மற்றவற்றைவிடக் கூடுதல் வாடகை வைத்தார். புதுமணத் தம்பதிகளும் பெரிய உத்தியோகஸ்தர்களும் அதைத்தான் கேட்டு வந்தார்கள்.

ஆனால் ஒரு ராத்திரிக்கு மேல் அதில் யாரும் தங்கவில்லை.

யாரும் குறிப்பாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். "தூக்கம் சரியா வரல, வேற ரூம் குடுங்க" என்பார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ..." என்று இழுப்பார்கள். ஒரு வங்கி அதிகாரியின் குழந்தை, விளக்கு வைத்ததும் அழ ஆரம்பித்து, உணவுக்கூடத்துக்குத் தூக்கி வந்த பிறகே நிறுத்தியது. ஒரு புதுமணப் பெண் விடிந்ததும் பெட்டியோடு வந்து வரவேற்பறை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பது போலிருக்கிறது என்று கணவனிடம் சொன்னாளாம். திரைச்சீலை இருந்தது. ஆனால் ஏரிக்காகவே வந்தவர்கள் அதை இழுத்து மூடமாட்டார்கள். மூடினாலும், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்ற எண்ணம் இன்னும் அதிகமாகும்.

முதலாளி பூசாரியை அழைத்து வந்து எலுமிச்சம்பழம் சுற்றச் செய்தார். வெளியே ஒரு பெரிய ஃபோகஸ் லைட் மாட்டினார். இன்னும் மோசமாயிற்று.

இதற்கிடையில், கட்டடம் முடிந்ததும் அங்கேயே அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்த குப்பம்மா அக்கா, பொழுது சாய்ந்த பிறகு அந்தக் காட்டேஜுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விஷயம் சமையல்கட்டு, வாட்ச்மேன் என்று பரவி, விருந்தினர் காதுக்கும் போய்விட்டது. முதலாளி எங்கள் முன்னால் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நா பொய் சொல்லல சார்" என்றார் குப்பம்மா அக்கா. "பொம்பள ஒர்த்தி பாடிகினு கீறா. தண்ணிக்குள்ளேர்ந்து வருது. சில நாளு சிரிக்கிறா. வெளிய எட்டிப் பாத்தா ஒர்த்தரும் இல்ல. என் காதால கேட்டேன் சார்."

"இவ வாயிதான்யா இங்க பேயி" என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து வேலைக்கு வரவேணாம்னு சொல்லிடுங்க."

குப்பம்மா அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். நளினி மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சார், ரெண்டு நாள் குடுங்க. அதுவரைக்கும் யாரையும் அனுப்பாதீங்க. வரைஞ்சது நானு. அங்க ஏதாவது சரியில்லன்னா மொதல்ல என்னைத்தான் கேக்கணும்."

அன்று மாலையே நாங்கள் மூன்று பேரும் அந்தக் காட்டேஜில் போய் உட்கார்ந்தோம். வெயில் இறங்கி, ஏரி முதலில் செம்பு நிறமாகவும் பிறகு ஈய நிறமாகவும் மாறியது. அவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. இருட்டத் தொடங்கியதும் மேடம் விளக்கைப் போடச் சொன்னார். குப்பம்மா அக்கா சுவிட்சைத் தட்டினார்.

ஏரி காணாமல் போய்விட்டது. கண்ணாடி முழுக்க நாங்களே. கட்டில், நாற்காலி, பயந்த முகத்தோடு குப்பம்மா அக்கா, அவருக்குப் பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் கறுப்பு. மேடம் தன் உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பகலில் படுத்துப் பார்த்தவர், விளக்கு வைத்த பிறகு ஒரு தடவையும் இங்கே வந்து பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்திருக்கும்.

அப்போதுதான் கேட்டது. ஒரு பெண் முணுமுணுப்பாகப் பாடுகிற குரல். வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும். கண்ணாடிக்கு மிக அருகே, நீரின் மேலிருந்தே எழுவது போலிருந்தது. என் கைமயிர் நின்றது. அதைவிட, அந்த ராகத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியதுதான் என்னை என்னவோ செய்தது.

"லைட்டை அணைங்க" என்றார் மேடம்.

அணைத்ததும் ஏரி திரும்பி வந்தது. தூரத்தில், எதிர்க்கரையில், பீடி நெருப்பு ஒன்று புள்ளியாகச் சிவந்து மங்கியது. ஒரு டார்ச் வெளிச்சம் நகர்ந்தது.

"அந்தப் பக்கம் என்ன அந்தோணி?"

"ஏரிக்கரை மேடம். ஸ்டேஷன்லேர்ந்து எங்க ஊருக்குக் குறுக்கு வழி. வண்டி எறங்கி நடந்து போறவங்க அதுலதான் போவாங்க."

காற்று அடங்கிய அந்தியில் தண்ணீர் குரலை அப்படியே கொண்டுவந்து சேர்க்கும் என்று அவர் விளக்கினார். குப்பம்மா அக்கா முழுசாக நம்பவில்லை.

மறுநாள் மாலை குப்பம்மா அக்காவிடம், "விளக்கைப் போட்டுட்டு உள்ள எப்பவும் போல வேலை செய்யுங்க, பயப்படாதீங்க, நாங்க எதிர்க்கரையிலதான் இருப்போம்" என்று சொல்லிவிட்டு, மேடமும் நானும் ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். கரைமேல் ஏறியபோது நன்றாக இருட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

கறுத்த நீருக்கு அப்பால் ஒரே ஒரு பெட்டி மட்டும் ஒளியாக மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் குப்பம்மா அக்கா. தூரம்தான், ஆனாலும் ஒவ்வொரு அசைவும் தெரிந்தது. படுக்கையை உதறி விரித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, யாரும் இல்லை என்ற தைரியத்தில், மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒருமுறை எம்பிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் வந்து நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடம் திருப்பவில்லை.

"யாரோ பாக்குற மாதிரி இருக்குன்னாங்க இல்ல?" என்றார் மெல்ல. "பாத்துட்டுதான் இருந்திருக்காங்க."

கரையில் கொஞ்சம் தள்ளி, நாலைந்து பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் டிபன் பைகள். ஒரு பெண் குரல் முனகிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கேட்ட அதே ராகம். எங்கள் கோயிலில் பாடுகிற ஒரு மாதா பாட்டு. என் கால் நின்றுவிட்டது.

"லூர்து?"

பாட்டு நின்றது. "ஐயோ, நீங்களா? நீங்க எங்க இங்க?"

என் மனைவி லூர்து, தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். சட்டைகளில் தையல் பிசகு இருக்கிறதா என்று நாள் முழுக்க டியூப்லைட்டின் கீழ் நின்று பார்க்கும் வேலை. வண்டி பிடித்து வந்து, வீட்டில் என் அப்பா அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமைப்பாள். கல்யாணமாகிப் பல வருஷம். அவள் பாடி நான் வீட்டில் கேட்டதே இல்லை.

"நீ இங்க என்ன பண்றே?"

"தெனம் கொஞ்ச நேரம் உக்காருவேங்க. நின்னு நின்னு காலு மரத்துப் போவுது." தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "வூட்டுக்குப் போனா அடுப்பு. கம்பெனியில சூபர்வைசர். இந்த எடத்துலதான் என்னை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

நளினி மேடம் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் தெனம் பாடுறீங்களா?"

"அங்க வரைக்கும் கேக்குதா மேடம்?" லூர்து வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் இந்நேரம் காட்டேஜில் கேட்டிருக்கும்.

அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "நாங்க தெனம் பாப்போம் மேடம், இன்னிக்கு யாரு வந்துகீறாங்கன்னு. நம்ம வூட்ல எங்க கீது இந்த மாதிரி லைட்டு? அன்னிக்கு ஒரு பொண்ணு ஊதாப் பொடவ கட்டிகினு ஒண்டியா குந்திகினு அழுதுச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. நம்ம லூர்துதான் அதுக்காவ ஒரு பாட்டு எடுத்து வுட்டுச்சு."

விடியற்காலையில் பெட்டியோடு வராந்தாவுக்கு வந்த பெண் கட்டியிருந்தது ஊதாப் புடவை. நான் மேடத்தைப் பார்த்தேன். இருட்டில் முகம் தெரியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னோம். குப்பம்மா அக்காவின் வேலை அத்தோடு தப்பித்தது. ஆனால் முதலாளியின் யோசனை உடனே வேறு பக்கம் போய்விட்டது.

"அவ்ளோதானே? கரையில முள்வேலி போட்டு வழிய மூடிட வேண்டியதுதான். பஞ்சாயத்துல நமக்கு ஆளு இருக்கு."

கரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி என் மனைவி என்று அவருக்குத் தெரியாது. மேடம் பதற்றப்படாமல் கேட்டார்:

"போடலாம் சார். அதுக்கு முன்னாடி நாளைக்குச் சாயங்காலம் வீட்டு அம்மாவையும் உங்க பொண்ணுங்களையும் அந்தக் காட்டேஜுக்கு டீ குடிக்க வரச்சொல்லுங்க. நீங்க மட்டும் எங்களோட கொஞ்சம் நடக்கணும்."

அவரை நாங்கள் கரைக்கு அழைத்துப் போனோம். மூச்சு வாங்க ஏறி வந்து திரும்பிப் பார்த்தார். ஒளிப்பெட்டிக்குள் அவர் மனைவி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதத்தை நீவிக்கொண்டிருந்தார். பெரிய பெண் ஜடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் யாரையோ போல நடித்துக் காட்ட, மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு நொடி கழித்து நீரின்மேல் எங்களிடம் வந்து சேர்ந்தது. தண்டபாணி அசையாமல் நின்றார். எவ்வளவு பெரிய ஆள், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"வேலி போட்டா இவங்க வரமாட்டாங்க சார்" என்றார் மேடம். "மீன் புடிக்கிறவன் வருவான், மாடு ஓட்டிட்டு ஒருத்தன் வருவான். பேச்சுச் சத்தமும் நிக்காது. ஏரி முழுக்க வேலி போட முடியுமா? கண்ணாடி வச்சது நானு. அந்த அறைக்கு முதுகே இல்லாமப் பண்ணிட்டேன். நான்தான் சரி பண்ணணும்."

கரையில் இருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். "குந்து சார், ஏன் நின்னுகினே கீற" என்று காகிதப் பொட்டலத்தை நீட்டினார். வேர்க்கடலை. முதலாளி தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தார். காற்று வந்தது. வண்டி ஒன்று பெருங்களத்தூரைத் தாண்டிப் போகிற ஓசை தேய்ந்து மறைந்தது.

"இந்த எடம் நல்லா கீதே" என்றார் கடைசியில்.

"இதைத்தான் சார் நீங்க விக்கிறீங்க" என்றார் மேடம்.

வேலிப் பேச்சு அதோடு போயிற்று.

பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் காட்டேஜோடுதான் கிடந்தோம். கண்ணாடியைப் பாதியாகக் குறைத்து, கீழே இடுப்புயரச் சுவர் எழுப்பினோம். கூரையை முன்னால் நீட்டித் தாழ்த்தி ஆழமான வராந்தா ஆக்கினோம். அதன் முன்னால் மண்ணைக் கொட்டி, படுத்திருக்கிறவன் கண்ணுக்குத் தண்ணீரின் விளிம்பு மறையாத அளவுக்கு ஒரு சிறு மேடு, அதன்மேல் நாணல். பூவரசங்கிளைகளைப் போத்துகளாக வெட்டி நட்டோம். அது சீக்கிரம் தழைக்கும். இடையிடையே புன்னைக் கன்றுகள், பின்னால் வருகிற வருஷங்களுக்காக. ஃபோகஸ் லைட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்கால் உயரத்தில், வெளிச்சம் தரையில் மட்டும் விழுகிற மாதிரித் தகரக் குல்லா போட்ட விளக்குகளை வைத்தோம். அறையைத் திறந்ததும் முதலில் ஏரி தெரியாது. இரண்டடி நடந்து வராந்தாவுக்கு வரவேண்டும். ஏரியைப் போய்ப் பார்க்கலாம், வேண்டாமென்றால் முதுகைக் காட்டிவிட்டு உள்ளே ஒதுங்கிக்கொள்ளலாம்.

இந்த முறை மேடம் ஒவ்வொன்றையும் விளக்கு வைத்த பிறகே சரிபார்த்தார். எதிர்க்கரையிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே? "உங்க வீட்டுக்காரம்மாவையே கேளுங்க. எப்படியும் உக்காரப்போறாங்க" என்றார். அப்படித்தான் தினமும் சாப்பாடு போடும்போது லூர்து எனக்கு அறிக்கை தருவாள்.

"இன்னிக்குத் தல மட்டும் தெரியுது. யாருன்னு தெரியல."

"எடது பக்கம் மட்டும் ஒரு சந்து இருக்கு. அங்க ஒரு செடி வைக்கச் சொல்லுங்க."

சட்டையில் தையல் பிசகு தேடிப் பழகிய கண், ஒன்றும் தப்பாது. அந்த நாட்களில்தான் நாங்கள் இருவரும், பிள்ளைகள், செலவு, உடம்பு தவிர வேறு ஏதோ ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். நான் மேட்டின் சரிவைத் தட்டில் சோற்றைக் குவித்துக் காட்டுவேன். அவள் விரலால் ஒரு பக்கம் உயர்த்துவாள்.

ஒரு நாள் சொன்னாள்: "இன்னிக்கு ஒண்ணுமே தெரியல. எல்லாம் மூடிக்கிச்சு."

"அப்பாடா" என்றேன்.

"ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கரையில உக்காந்தா இப்ப ஒரே இருட்டாத்தான் கீது" என்றாள்.

அதை மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் வரைபடத்தை எடுத்து, காட்டேஜுக்குச் சற்றுத் தள்ளி, நீரில் இறங்குகிற படிக்கட்டின் ஓரத்தில் மூன்று வட்டம் போட்டார். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மூன்று மஞ்சள் விளக்கு. முதலாளி எதற்கு என்று கேட்டதற்கு, "படி தெரியணும் இல்ல சார்" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த விளக்குகளின் ஒளி ஏரியின் குறுக்கே நீளமாக, நடுங்கிக்கொண்டே, எதிர்க்கரை வரைக்கும் வந்து கிடப்பதைப் பார்க்க எதிர்க்கரையில்தான் உட்காரவேண்டும்.

காட்டேஜைத் திரும்பத் திறந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். பாட்டு நிற்கவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை. அதே குரல், அதே தூரம், அதே தண்ணீர். ஆனால் இப்போது வராந்தாவில், பூவரசு இலைகளுக்குப் பின்னால், தாழ்ந்த கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தவர்களை அது பயமுறுத்தவில்லை. "சாயங்காலம் யாரோ பாடினாங்களே, இன்னிக்கும் பாடுவாங்களா?" என்று வரவேற்பறையில் வந்து கேட்டார்கள். ஒரு தம்பதி, இருந்த நாட்கள் போதாது என்று மேலும் தங்கிவிட்டுப் போனார்கள். குப்பம்மா அக்காவே அங்கே அந்தியில் வாசற்படியில் குந்திக்கொண்டு வெற்றிலை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள் நளினி மேடம், போகிற போக்கில் சொல்வது போல, "புதன்கிழமை கடைசி காட்டேஜ் காலிதான். முதலாளிகிட்ட பேசிட்டேன். நீங்களும் லூர்துவும் தங்கணும்" என்றார். நான் தயங்கினேன். "பாக்காம எப்படி அந்தோணி நான் நம்பறது? இவ்ளோ நாள் அவங்க வெளியிலேர்ந்துதானே பாத்திருக்காங்க" என்றார்.

லூர்து கம்பெனியில் லீவு சொன்னாள். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டோம். கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மகிழமரத்துத் திருப்பத்தில் நடையை மெதுவாக்கினாள். பந்தலில் குனிந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையிலிருந்து பேச்சுக் குரல்கள் வந்தன, வார்த்தை புரியாமல், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பெரியவர்கள் பேசுவது போல. "யாருன்னு தெரியுதா?" என்றேன். "எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்றாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று அவள் பாடவில்லை. சாப்பிட்டுவிட்டு, "சும்மா ஒரு நிமிஷம்" என்று கட்டிலில் சாய்ந்தாள். நான் விளக்கை அணைத்தேன்.

விடிந்தது. செங்கல்பட்டிலிருந்து வருகிற முதல் வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்பதற்கு முன்பே அவள் எழுந்து அடுப்புப் பற்றவைத்திருப்பாள். அவள் அசையவில்லை. அடுத்த வண்டியும் போயிற்று. ஏரியின் மேல் வெயில் ஏறி, இலை நிழல்கள் சுவரில் ஆடி, அவள் கன்னத்தில் விழுந்து, நகர்ந்து போயின. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

குப்பம்மா அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தார். நான் வாயில் விரலை வைத்தேன். அவர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தூங்கட்டும் சார்" என்றார் கிசுகிசுப்பாக. பிளாஸ்க்கைப் படியில் வைத்துவிட்டு, சரளைக்கல்லில் சத்தம் வராமலிருக்கப் புல்லின்மேலேயே நடந்து போனார்.